தனி பி.ஆர். ஆலோசகர் தன் பணிப் பின்னணியை எழுதுவது எப்படி

2019-இல் பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி வேலையை விட்டு வந்ததும், முதல் கிளையன்ட் ஒரு பக்கப் புரொஃபைல் கேட்டார். “ஊடகத் துறையில் பரந்த தொடர்புகளும் 13 ஆண்டு அனுபவமும் கொண்ட தகவல் தொடர்பு வல்லுநர்” என்று ஆரம்பித்து எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு அந்த மேலாளர், “எங்கள் ஆலையில் நாளைக்கே ஒரு விபத்து நடந்தால் முதலில் என்ன செய்வீர்கள் மேடம்?” என்று கேட்டார். பத்து நிமிடம் விளக்கமாகச் சொன்னேன். சொன்னதில் ஒரு வரிகூட அந்தத் தாளில் இல்லை. அன்று இரவே அதைத் திருப்பி எழுதினேன். அப்போது பிடிபட்ட முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் பதவிகளை ஒதுக்கி வையுங்கள். ஒரு நோட்டில், உங்கள் கையில் வந்து விழுந்த பிரச்சினைகளை நினைவு வருகிற வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி போதும்: என்ன நிலைமை, நீங்கள் என்ன சொன்னீர்கள், எதை உங்கள் கையால் எழுதினீர்கள், கடைசியில் என்ன நடந்தது.

என் நோட்டில் முதலில் வந்தது 2015 டிசம்பர் வெள்ளம். வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் ஒன்று எங்கள் ஏஜென்சியின் கிளையன்ட். இலவச சர்வீஸ் முகாம் பற்றிப் பெரிதாக பிரஸ் நோட் வேண்டும் என்றார்கள். டிசம்பர் 2 அன்று தி இந்து நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகை அது. அச்சகத்துக்கு ஆட்களே போய்ச் சேர முடியாத நாளில் முகாம் விளம்பரத்தை யார் படிப்பார்கள்? “நனைந்த ஃபிரிட்ஜை உடனே பிளக்கில் போடாதீர்கள்” என்று ஆறு வரி தமிழில் எழுதி, எஃப்.எம். வானொலிகளுக்கும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம் என்றேன். நிறுவனத்தின் பெயர் கடைசி வரியில் மட்டும். தயங்கித்தான் சம்மதித்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு முகாமுக்கு வந்தவர்களில் பலர் அந்த ஆறு வரியைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். “நெருக்கடிகால மேலாண்மையில் நிபுணர்” என்று எழுதுவதைவிட இந்த ஒரு பாரா அதிகம் சொல்லும்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும், உங்களைக் கூப்பிடப்போகிறவருக்கு வேண்டிய மூன்றை மட்டும் எடுங்கள். பள்ளி நடத்துகிறவருக்கு ஒரு மூன்று, ஏற்றுமதி செய்கிறவருக்கு வேறு மூன்று.

அடுத்து, பழைய வேலையை இன்றைய வேலையோடு கோக்க வேண்டும். 2006 முதல் எட்டு வருடம் மதுரையில் ஒரு நாளிதழ் டெஸ்க்கில் (செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் பிரிவு) இருந்தேன் என்பது வெறும் தகவல். கிளையன்டுக்கு அதனால் என்ன? அந்த எட்டு வருடத்தில் எழுத்துரு உடைந்து கட்டம் கட்டமாக வந்த பிரஸ் நோட்டுகள் எத்தனையோ. முதல் இரண்டு பாரா முழுக்க வந்திருந்தவர்களின் பெயர், செய்தி மூன்றாவது பாராவில். படத்தில் இடமிருந்து வலம் யார் யார் என்றே இருக்காது. இரவு டெட்லைனில் அவை அப்படியே குப்பைக்குப் போகும். ஆகவே என் புரொஃபைலில் இப்படி இருக்கிறது: “நான் அனுப்பும் நோட்டை டெஸ்க்கில் இருப்பவர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது. யூனிகோட், இனிஷியலோடு சரியான பெயர்கள், முதல் வரியிலேயே செய்தி.”

பத்திரிகையில் இருந்து வந்தவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். “எல்லா ஆசிரியர்களையும் தெரியும்” என்று எழுதவே எழுதாதீர்கள். செய்தி போடுவதும் போடாததும் அவர்கள் முடிவு. நண்பரின் முடிவை நாம் விலை பேசக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

ஏஜென்சியில் செய்த வேலைக்கு “நான்”, “நாங்கள்” இரண்டையும் பிரித்து எழுதுங்கள். ஐந்து பேர் சேர்ந்து செய்ததை ஒருவர் எடுத்துக்கொண்டால், மற்ற நான்கு பேரில் ஒருவர் எப்போதாவது எதிரே உட்காருவார். ரகசிய ஒப்பந்தம் போட்ட கிளையன்டின் பெயரை எழுத்தில் அனுமதி வாங்காமல் போடக் கூடாது. “மேற்கு மாவட்ட நூற்பாலை ஒன்று” என்றால் போதும். ஆனால் ஊரையும் ஆண்டையும் சேர்த்தால் ஆள் தெரிந்துவிடும் என்றால், அவற்றில் ஒன்றை எடுத்துவிடுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிற விஷயத்தை நம் வெற்றிக் கதையாக எழுதவே கூடாது.

எண்கள் விஷயத்துக்கு வருவோம். “இத்தனை லட்சம் ரூபாய் விளம்பரத்துக்குச் சமமான கவரேஜ்” என்ற கணக்கைப் பல புரொஃபைல்களில் இன்னும் பார்க்கிறேன். விளம்பரத்துக்கு ஆகும் செலவு, மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று 2010-இலேயே பார்சிலோனா கோட்பாடுகளில் (பி.ஆர். வேலையின் பலனை எப்படி அளப்பது என்று வகுத்தவை) துறையினரே ஒப்புக்கொண்டு எழுதிவிட்டார்கள். வெட்டி ஒட்டிய பத்திரிகைக் கட்டிங் கத்தையின் எடையை விட்டுவிட்டு, அதன் பிறகு என்ன மாறியது என்று எழுதுங்கள்: புகார் அழைப்புகள் குறைந்தனவா, வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் கூடினார்களா. எண் கிளையன்டிடம் இருந்து வந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணே வேண்டாம்.

இடைவெளியை மறைக்காதீர்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள 2021-இல் ஏழு மாதம் வேலை எடுக்கவில்லை. “2021: குடும்பக் காரணம், ஏழு மாதம்” என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். இதுவரை யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

படிப்பு, மொழிகள், ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அது, எல்லாம் கடைசி இரண்டு வரியில். பரிந்துரைக்கு இரண்டு பேர் போதும், ஆனால் எண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் அவர்களிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தமிழ்ப் பிரதியை ஆங்கிலத்திலிருந்து மாற்றாமல் தனியாக எழுதுங்கள். திருப்பூர் முதலாளி படிப்பது தமிழ்ப் பிரதியைத்தான்.

எழுதி முடித்ததும், உங்களோடு வேலை செய்த நிருபர் ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். “இது உண்மையா?” என்று அவர் நிறுத்திக் கேட்கிற வரியை அடித்துவிடுங்கள். என் முதல் பிரதியில் அப்படி நான்கு வரி போனது. மீதி ஒரு பக்கத்துக்குச் சரியாக அடங்கியது.