ஏழரை மணிக்கு ஒரு நாற்காலி

குடியை விட நினைத்துக் குழு தேடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் குழு நல்லது?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பேன்: "நீங்கள் எத்தனை மணிக்குக் குடிக்க உட்காருவீர்கள்?" என்னுடைய நேரம் மாலை ஏழரை. நான் ஒட்டிக்கொண்ட குழு கூடியதும் ஏழரைக்கு. காலையில் எவ்வளவு அருமையான கூட்டத்துக்குப் போனாலும், மாலை ஏழரைக்கு உடம்பு தன் கணக்கைக் கேட்கும். ஆகவே அந்த நேரத்தில் நடக்கும் கூட்டத்தை முதலில் தேடுங்கள். போகும் வழியில் உங்கள் பழைய மதுக்கடை இருந்தால் கொஞ்சம் சுற்றிப் போகும் வழியையும் பார்த்து வையுங்கள்.

அதற்கு முன் மருத்துவர். தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம், இல்லாதவை கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம். குழு மருத்துவமனை அல்ல. அந்த மருத்துவரிடமே கேளுங்கள். அருகில் கூடும் குழுக்கள் பற்றிப் பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

உலகெங்கும் பரவலாக இருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் பிறந்தது. இருவருமே குடிநோயாளிகள். குடிநோயாளி சொன்னால்தான் குடிநோயாளிக்குக் காதில் ஏறும் என்பதே அதன் அடிப்படை. கட்டணம் கிடையாது, உறுப்பினர்கள் விரும்பிப் போடும் காசில் நடக்கிறது. குடியை நிறுத்தும் ஆசை ஒன்றே சேருவதற்கான தகுதி. அவர்களுடைய இணையதளத்தில் நாடு வாரியாகத் தொடர்பு விவரங்கள் உண்டு.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் பன்னிரண்டு படிகளில் வரும் கடவுள் பேச்சு உங்களுக்கு ஒத்துவராவிட்டால் ஸ்மார்ட் ரிகவரி இருக்கிறது. 1994இல் தொடங்கியது, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் பயிற்சிகளை வைத்து நடப்பது. பெண்களுக்கென்றே நடக்கும் கூட்டங்களும் உண்டு. ஆண்கள் நிறைந்த அறையில் வாய் திறக்க முடியாதவர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும், கூச்சப்படத் தேவையில்லை. குடிப்பவரின் வீட்டாருக்கு அல்-அனான். என் மனைவி எனக்கு நான்கு மாதங்கள் முன்பே அங்கே போகத் தொடங்கிவிட்டார். எனக்கு அது பின்னால்தான் தெரியும்.

முகவரி கிடைத்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். நான் முதல்முறை போனபோது மாடிப்படி ஏறினால் அறை பூட்டிக் கிடந்தது. கூட்டத்தின் கிழமையை மாற்றியிருக்கிறார்கள், பட்டியலில் மாற்றவில்லை. அந்தப் பூட்டைப் பார்த்து எனக்கு வந்தது ஏமாற்றமல்ல, நிம்மதி! "நான் போனேன், அவர்கள்தான் இல்லை" என்று சொல்லிக்கொண்டு அன்றிரவும் குடித்தேன். அடுத்து அந்தப் படியேற எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. எனவே போன் செய்யுங்கள். இந்த வாரம் கூட்டம் உண்டா, எந்த வாசல், எந்த மாடி, என்ன மொழியில் பேசுவார்கள், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். மூடியது குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். முடிந்தால், "வாசலில் ஒருவர் நிற்பாரா?" என்றும் கேளுங்கள். தயங்காமல் நிற்பார்கள்.

முதல் நாள் பேச வேண்டியதில்லை. "இன்று கேட்க வந்தேன்" என்றால் போதும். முழுப் பெயரும் வேண்டாம். நான் கதவருகே உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர், பாட்டிலைத் துணி அலமாரியில் ஒளித்த கதையைச் சொன்னார். அலமாரி மட்டும்தான் வேறு. மற்றதெல்லாம் என் கதை.

ஒரே கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. நான் பார்ப்பது கூட்டம் முடிந்த பிறகான பத்து நிமிடங்களை: நாற்காலிகளை மடக்கும்போது புதியவரிடம் யாராவது வந்து பேசுகிறார்களா, இல்லை தங்களுக்குள் சிரித்துவிட்டுக் கலைகிறார்களா? மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், கடன் கேட்கிறவர், அங்கே கேட்டதை வெளியே சொல்கிறவர் கோலோச்சும் குழுவாக இருந்தால் வேறு குழு பாருங்கள். அருகில் எதுவுமே இல்லையென்றால் இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. ஆனால் கேமராவை அணைத்துவிட்டுக் கையில் கோப்பையோடு உட்கார முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கிளம்பும்போது ஒருவரிடமாவது போன் எண் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு பெரியவர் பழைய ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். பிரச்சினை எதுவும் இல்லாத ஒரு நாளில் அந்த எண்ணை ஒருமுறை அழைத்துவிடுங்கள், சும்மா நலம் விசாரிக்க. முதல் அழைப்பே தாகம் முற்றிய நேரத்தில் என்றால் விரல் எண்ணை அழுத்தாது.