மக்காச்சோளத்துக்கு அடித்த அட்ரசின் அடுத்த உளுந்தைக் கருக்காமலிருக்க

உளுந்து விதை முளைத்துவிட்டதால், மக்காச்சோளத்துக்கு அடித்த களைக்கொல்லி மருந்தான அட்ரசின் மண்ணில் இல்லை என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அட்ரசின் முளைப்பைத் தடுப்பதில்லை; இலையின் ஒளிச்சேர்க்கையைத்தான் நிறுத்தும். உளுந்து நாற்று முதல் சில நாள் விதையிலுள்ள சத்தில் வளர்வதால் செழிப்பாகவே தெரியும். வேர் உறிஞ்சிய மருந்து இலைக்கு ஏறிய பிறகுதான் அடியிலை ஓரம் மஞ்சளாகி, பிறகு தீய்ந்து காயும்.

இதை இரும்புச்சத்துக் குறைபாடு என்று எண்ணி அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளிப்பவர்கள் அதிகம். அது வீண் செலவு. இரும்புக் குறைபாட்டில் குருத்திலை முதலில் வெளுக்கும், நரம்பு பச்சையாக இருக்கும். அட்ரசின் பாதிப்பு அடியிலையின் விளிம்பில் தொடங்கும். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் நன்றாகவே இருக்கும்.

அடுத்த தவறு அளவில் நடக்கிறது. 50 சதவீத அட்ரசின் தூள் எக்டருக்கு 1 முதல் 2 கிலோ, அதாவது ஏக்கருக்கு 400 முதல் 800 கிராம்தான். எக்டர் அளவை ஏக்கருக்குப் போட்டால் இரண்டரை மடங்காகிவிடும். மண்ணில் அட்ரசின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 60 நாள் ஆகும் என்று வைத்தால், 120 நாளில் கால் பங்கு மிஞ்சும். இரண்டரை மடங்கு அடித்த வயலில் அந்தக் கால் பங்கே, சரியான அளவில் பாதிக்கும் மேல்! வரப்போரம் தெளிப்பான் திரும்பும் இடங்களில் இருமுறை விழுவதால் அங்கே பயிர் பட்டைபட்டையாகக் கருகும்.

நாள் கணக்கை மட்டும் நம்பவும் கூடாது. நுண்ணுயிர்கள் ஈரத்தில்தான் மருந்தைச் சிதைக்கும். மழை பொய்த்த மானாவாரி நிலத்தில் அது அப்படியே கிடக்கும். கார அமில நிலை (pH) 7.5-க்கு மேலுள்ள கரிசலிலும் சிதைவு மெதுவாகத்தான் நடக்கும்.

உளுந்து, பாசிப்பயறு, சூரியகாந்தி, தக்காளி, வெங்காயம், வெள்ளரி எதுவானாலும் விதைக்குமுன் சோதித்துவிடுங்கள். வயலில் பத்து இடத்தில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலக்குங்கள். வரப்போர மண்ணைத் தனியாக வையுங்கள். மருந்து படாத மண்ணும் ஒரு தொட்டியில் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. தொட்டிக்குப் பத்து வெள்ளரி விதை ஊன்றி, அடியில் ஒழுகாதபடி அளவாக நீர் விட்டு, நல்ல வெயிலில் மூன்று வாரம் வையுங்கள். நிழலில் வைத்தால் பாதிப்பு சரியாகத் தெரியாது. ஒரு வாரத்தில் முடிவெடுத்தாலும் ஏமாறுவீர்கள்.

இலை கருகினால் ஆழ உழுது, ஏக்கருக்கு 4 டன் மக்கிய தொழு உரம் இட்டு, மண்ணை ஈரமாக வைத்து மீண்டும் சோதிக்கலாம். காத்திருக்க முடியாதென்றால் சோளமோ மக்காச்சோளமோ போடுங்கள். இரண்டும் அட்ரசினைத் தாங்கும். ஆனால் அந்தப் பயிருக்கு மறுபடி அட்ரசின் அடிக்காமல் கைக்களையே எடுங்கள்.