ஈப்போவிலிருந்து சுபாங்: சிறிய விமானத்தில் குடும்பத்தோடு கோலாலம்பூர் போவது எப்படி?

சுங்கை சிப்புட்டில் இருக்கிற எங்களுக்குப் பக்கத்து விமான நிலையம் ஈப்போ. அக்கா வீடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், அதனால் இறங்க வேண்டிய இடம் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள சுபாங் விமான நிலையம். நேர்க்கோட்டில் சுமார் 90 கடல் மைல். செஸ்னா 172-ல் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தனியார் விமானி உரிமம், செல்லுபடியாகும் மெடிக்கல் சான்றிதழ், கிளப்பில் விமானம் எல்லாம் தயார் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் கூலிக்குப் பறக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் எடை

பயிற்சியின்போது ஆசிரியரோடு இரண்டு பேராகவே பறந்து பழகியிருப்பீர்கள். குடும்பம் ஏறியதும் கணக்கு அடியோடு மாறும். 172-ல் நாலு சீட் இருக்கிறது, ஆனால் டேங்கை நிரப்பிக்கொண்டு நாலு பெரியவர்கள் ஏற முடியாது.

172எஸ் ரகத்துக்கு மேலேறும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 1157 கிலோ. உங்கள் விமானத்தின் காலி எடை 765 கிலோ என்று வைத்துக்கொள்வோம் (சரியான எண் அந்த விமானத்தின் எடைத் தாளிலேயே இருக்கும்). மீதி 392. டேங்க் நிறைய எண்ணெய் ஊற்றினால் பயன்படுத்தக்கூடியது சுமார் 200 லிட்டர். அவ்காஸ் என்கிற இந்த விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ, ஆக 144 கிலோ. ஆட்களுக்கும் சாமான்களுக்கும் மிஞ்சுவது 248 கிலோதான். நீங்கள் 80, மனைவி 65, அம்மா 62, பையன் 45 என்றால் பையே இல்லாமல் 252 ஆகிவிட்டது.

எண்ணெயைக் குறையுங்கள். மணிக்கு 35 லிட்டர் என்று வையுங்கள். சுபாங் போக 35, இறங்க முடியாமல் ஈப்போவுக்கே திரும்பினால் இன்னொரு 35, முக்கால் மணி நேர இருப்புக்கு 26, தரையில் ஓடவும் மேலேறவும் கொஞ்சம். நான் 120 லிட்டர் ஊற்றுவேன். அது 86 கிலோ. 20 கிலோ சாமானைச் சேர்த்தாலும் 34 கிலோ மிச்சம் நிற்கும்.

அம்மா கட்டுகிற பையைத் தூக்கிப் பார்த்து மதிப்புப் போடாதீர்கள். உரித்த தேங்காய் ஐந்து, ஊறுகாய் பாட்டில் இரண்டு, தோட்டத்துப் பலாப்பழம் ஒன்று என்று சேர்ந்தால் பை தராசில் என்ன காட்டும் என்று கண்ணால் சொல்ல முடியாது. வீட்டிலேயே மெஷினில் வையுங்கள். ஆட்களையும் நிற்க வையுங்கள். சாமான் பகுதியின் வரம்பு 54 கிலோ. மொத்த எடை சரியாக இருந்தாலும் பின்னால் பாரம் கூடினால் ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போய் விமானம் நிலை தவறும். ஆகவே மையக் கணக்கையும் காகிதத்தில் போட்டு முடியுங்கள்.

எண்ணெயின் அளவுக்கு நான் நம்புவது மீட்டரை அல்ல, டேங்கில் விட்டுப் பார்க்கிற அளவுக் குச்சியை. அதோடு ஒவ்வொரு வடிகாலிலும் சின்னக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். நீல எண்ணெய்க்கு அடியில் நிறமில்லாத குமிழ் உருண்டால் அது தண்ணீர். அது வராமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப வடியுங்கள். நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் இது கட்டாயம்.

பறப்புத் திட்டமும் தேதியும்

புதியவர்கள் பலர் தடுக்கி நிற்பது இங்கேதான். திட்டத்தில் எழுதுவது உலகப் பொது நேரம், நம் நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் கழிக்க வேண்டும். ஞாயிறு காலை 7.45-க்குக் கிளம்புகிறீர்களா? அது 23.45, அதுவும் சனிக்கிழமை! காலை எட்டுக்கு முன் கிளம்பும் எந்தப் பயணத்துக்கும் முந்தின நாள் தேதிதான் போட வேண்டும். நேரத்தை மட்டும் மாற்றி, தேதியை ஞாயிறு என்றே விட்டால் உங்கள் திட்டம் மறுநாள் காலைக்குப் போய் உட்கார்ந்துவிடும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் கேட்டால் உங்கள் பெயரில் எதுவும் இருக்காது. மெட்டார் (இப்போதைய வானிலை), டாஃப் (வானிலை முன்னறிவிப்பு) அறிக்கைகளிலும் இதே நேரம்தான்.

சுபாங்கில் நிறுத்த இடத்துக்கும் தரைச் சேவைக்கும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நோட்டாம்களை, அதாவது விமானிகளுக்கான அறிவிப்புகளை, முந்தின இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை படியுங்கள்.

வானிலை, அப்புறம் அக்காவுக்குச் சொல்கிற வார்த்தை

மதியத்துக்கு மேல் மலையோரம் இடிமேகம் கட்டும், ஏப்ரலிலும் அக்டோபரிலும் இன்னும் மோசம். தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்வரிசை விடியற்காலையிலேயே மேற்குக் கரையை அடிக்கும். ஈப்போ இருக்கிற கிந்தா பள்ளத்தாக்கில் காலைப் பனி படுத்திருந்தால் அது கலையும்வரை காத்திருக்க வேண்டும். போகவும் வரவும் காலைதான். போன அன்றே மாலையில் திரும்பும் திட்டம் வேண்டவே வேண்டாம்.

அக்காவிடம் "பத்து மணிக்கு பசியாற வந்துடுவோம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தோசை மாவு அரைத்து வைத்து, பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள் என்று தெரிந்தால், முன்னால் கறுத்த மேகம் நிற்கும்போதும் "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம்" என்று மனசு சொல்லும். அனுபவமுள்ள விமானிகளையும் அது மேகத்துக்குள் இழுத்திருக்கிறது. "வானம் விட்டால் வருவோம், இல்லாவிட்டால் ரயிலில் வருவோம்" என்று சொல்லி வையுங்கள். ஈப்போவிலிருந்து இ.டி.எஸ். ரயில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கோலாலம்பூர் சென்ட்ரல் சேரும், பிரிக்பீல்ட்ஸ் அங்கேயே இருக்கிறது. நான் அந்த ரயில் நேரத்தை எழுதிப் பையில் வைக்காமல் கிளம்புவதே இல்லை.

வழி

கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். தாப்பா, பீடோர், தஞ்சோங் மாலிம் என்று நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால் வழி தெளிவு, ஆனால் மலை இடது கைப்பக்கம் நெருங்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது மேற்கு வழி: தெலுக் இந்தான், சபாக் பெர்ணம், கோலசிலாங்கூர். தூரம் கூடினாலும் கீழே சமவெளி. கூடும் தூரத்துக்கு எண்ணெய்க் கணக்கைத் திருத்துங்கள்.

மேலிருந்து பார்த்தால் செம்பனை எல்லாம் ஒரே பச்சை. பேராக் ஆறு, பெர்ணம் ஆறு, ஆலைப் புகைபோக்கி, இவைதான் அடையாளம். புகை சாய்கிற பக்கத்தைப் பார்த்துக் காற்றின் திசையும் தெரிந்துகொள்ளலாம். டேப்லெட் வெயிலில் சூடாகி அணைந்துவிடும், காகித வரைபடம் மடியில் இருக்கட்டும்.

சுபாங்கில் ரன்வே 15/33. 2024 முதல் ஜெட் பயணிகள் விமானங்களும் அங்கே மீண்டும் இறங்குகின்றன, அவற்றின் பின்னால் சுழலும் காற்று சின்ன விமானத்தைப் புரட்டிவிடும். கோபுரம் இடைவெளி விடச் சொன்னால் அவசரப்படாமல் விடுங்கள். ரன்வே எண், கியூ.என்.எச். (உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்த எண்), இறங்கும் அனுமதி மூன்றையும் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள்.

பின்சேர்க்கை: கைக்குழந்தையைக் கூட்டிப் போகலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். இந்த விமானத்தில் உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் வசதி கிடையாது, இறங்கும்போது குழந்தைக்குக் காது வலிக்கும். நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் இறங்காதீர்கள், அந்த நேரத்தில் பால் கொடுக்கச் சொல்லுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு ரயில்தான்.