திண்ணையைப் பார்த்ததும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய ஊர் ஒன்றில் ஓட்டு வீடு பேசி வைத்திருந்தார்கள். பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

திண்ணையில் உட்கார்ந்தோம். வழவழவென்று தேய்ந்த சிவப்புத் தரை, கை பட்டுப் பட்டுக் கறுத்த மரத்தூண், ரேழியைத் தாண்டினால் வெயில் இறங்கும் முற்றம். மூத்த பையன் நேராகப் போய் முற்றத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டான். “ஊரே அப்படியே மனசுல ஒட்டிக்கிச்சு அண்ணா” என்றார் அந்தப் பெண். வீட்டை விற்பவர் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: “அறுபது வருஷமா எங்க குடும்பம்தான் சார் இருக்கு. வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் எங்க பேர்லதான்.”

அந்தப் பேச்சை நான் 2010-லேயே கேட்டிருக்கிறேன். வேறு ஊர், வேறு திண்ணை, அதே வார்த்தைகள்.

வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும், மூலப்பத்திரம் கேட்க வேண்டும், வக்கீலிடம் காட்ட வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை எழுதப் போவதில்லை. ஊர் சின்னதாக, அழகாக இருப்பதாலேயே நேரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மார்கழியில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது

மேட்டூரில் தண்ணீர் இருக்கும் வருஷத்தில் ஜூன் 12-ல் அணையைத் திறந்து, ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். பள்ளி விடுமுறைக்கு டிசம்பர் கடைசியில் வருகிறவர்கள் பார்ப்பது இந்த ஓட்டத்தின் கடைசி மாதத்தை. ஆற்றில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், இரண்டு பக்கமும் சம்பாப் பயிர், காலையில் பனி. யாருக்குத்தான் பிடிக்காது? அதே ஆறு சித்திரையில் வெறும் மணல். வீட்டுக் கிணற்றில் அப்போது எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு தடவை வாருங்கள். வர முடியாவிட்டால் சுவரைப் பாருங்கள். தண்ணீர் நின்ற இடத்தில் தரையிலிருந்து ஒரு முழம், ஒன்றரை முழம் உயரத்தில் கோடு போட்ட மாதிரி கறை இருக்கும். புதிதாக வெள்ளையடித்திருந்தால் அந்த வீட்டில் தெரியாது. அப்போது பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள்.

தென்காசிப் பக்கமும் இதே கதைதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரலில் நனைந்துவிட்டு இடம் பார்க்கப் போகிறார்கள். பங்குனி வெயிலில் அருவிப் பாறை காய்ந்து கிடக்கும்போது போனால்தான் அந்த ஊரின் மற்ற மாதங்கள் தெரியும்.

அடிமனை யாருடையது என்று கேட்காமல் விடுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் வீடு ஒருவருடையதாகவும், வீடு நிற்கிற மண் வேறொருவருடையதாகவும் இருக்கலாம். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், சிதம்பரம் என்று எங்கே போனாலும் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமான மனைகளில் கட்டிய வீடுகள் தெருத்தெருவாக உண்டு. எப்போதோ ஒரு காலத்தில் மனை வாடகைக்கு இடம் வாங்கி வீடு கட்டியிருப்பார்கள். அதன்பிறகு அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து இன்னொருவருக்கு என்று வீடு கைமாறிக்கொண்டே வரும். கைமாறுவது மேல்கட்டுமானம் மட்டும். சுவர், ஓடு, கதவு, நிலை, ஜன்னல். மண் அங்கேயேதான் இருக்கிறது, சுவாமி பெயரில்.

2010-ல் அப்படி ஒரு வீட்டைத்தான் நான் 14 லட்சம் கொடுத்து வாங்கினேன். அந்தத் தெருவில் மற்ற வீடுகளை விட விலை குறைவு. விற்றவர் அவசரத்தில் இருக்கிறார், அதிர்ஷ்டம் நம் பக்கம் என்று நினைத்தேன். பத்திரப்பதிவு அன்று பத்திரம் எழுதியவர் வேகமாக வாசித்துக்கொண்டே போனார். நான்காம் பக்கத்தில், சொத்து விவரத்தில், நான்கெல்லை சொன்ன பிறகு ஒரு வரி: “அடிமனை பாத்தியம் நீங்கலாக மேல்கட்டுமானம் பூராவும்.” என் காதில் விழுந்தது. பழைய பத்திர மொழி, எல்லாப் பத்திரத்திலும் இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன். யாரிடமும் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

குடிவந்து ஐந்தாவது மாதம், ஒரு காலையில் கோயிலிலிருந்து ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். மனை வாடகை பாக்கி என்றார். புத்தகத்தில் இருந்த பெயர் எனக்கு விற்றவருடையதுகூட இல்லை, அவருடைய அப்பாவின் பெயர். கடைசியாகப் பணம் கட்டியது 1994-ல். அத்தனை வருஷப் பாக்கியும் என் தலையில். வந்தவர் தன்மையாகத்தான் பேசினார். “உங்களுக்குச் சொல்லலையா சார்?” என்று அவர் கேட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, கோயில் நிலத்தை விற்பதோ, அடமானம் வைப்பதோ, 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதோ ஆணையரின் அனுமதி இல்லாமல் செல்லாது. அறுபது வருஷம் இருந்ததால் உரிமை வந்துவிடும் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அதே சட்டத்தின் 109-வது பிரிவு அந்தக் கதவையும் மூடிவிடுகிறது. கோயில் சொத்தை மீட்பதற்குக் காலவரம்புச் சட்டம் குறுக்கே வராது. அறுபது ஆனாலும் நூறு ஆனாலும் ஒன்றுதான்.

இதனால் நடைமுறையில் என்ன ஆகும்? மண் உங்கள் பெயரில் இல்லாததால் வீட்டை வைத்து வங்கிக்கடன் வாங்க முடியாது. மாடி எடுக்க அனுமதி கேட்டால் மனைக்குச் சொந்தக்காரரின் சம்மதம் எங்கே என்பார்கள். சந்தை மதிப்பை ஒட்டி நியாய வாடகை நிர்ணயிக்கும்போது, எப்போதோ சில ரூபாயாக இருந்த மனை வாடகை பல மடங்கு ஏறும். விற்கலாம் என்றால், விவரம் தெரிந்தவர் வாங்க மாட்டார். விவரம் தெரியாதவரிடம் மறைத்து விற்க எனக்கு மனசு வரவில்லை. இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். பாக்கியைக் கட்டி, வாடகைதாரர் பெயரை என் பெயருக்கு மாற்றி வாங்குவதற்கே 3 வருஷம் ஆனது.

கோயில் மனை கோயிலுக்குத்தான். சாமி சொத்து சாமிக்கே இருக்கட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. தெரிந்தே வாயைத் திறக்காமல் விற்றவர் மேலும், அந்த வரியை மூச்சு விடாமல் வாசித்துத் தாண்டியவர் மேலும் வந்த கோபம்தான் இன்னும் அடங்கவில்லை. சென்னைக் குடும்பத்தோடு அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதும் அது கிளம்பி வந்தது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, குடிநீர் வரி இவை எதுவும் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. குடியிருப்பவர் யாரோ அவர் பெயரில் அவை வரும். வில்லங்கச் சான்றும் இந்த விஷயத்தில் போதாது. மேல்கட்டுமானம் கைமாறிய பத்திரங்களெல்லாம் அதில் வரிசையாக, பார்க்க ஒழுங்காகவே இருக்கும். பார்க்க வேண்டியது பட்டா. நகராட்சிப் பகுதியாக இருந்தால் நகர நிலஅளவைப் பதிவேடு, கிராமமாக இருந்தால் ‘அ’ பதிவேடு. அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்கலாம். உரிமையாளர் என்ற இடத்தில் ‘அருள்மிகு’ என்று தொடங்கினால் விஷயம் முடிந்தது. பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் பதிவேட்டில் புதிய எண்ணும் இருக்கும். பழைய எண்ணுக்கு நேரான புது எண் எது என்று சர்வேயரிடம் கேட்டு உறுதி செய்யாமல், விற்பவர் நீட்டுகிற ஏதோ ஒரு பட்டாவை நம்பாதீர்கள். அது அவருடைய வேறு இடத்துப் பட்டாவாகக்கூட இருக்கலாம். அப்புறம், கோயில் அலுவலகத்துக்கே நேரில் போய், இந்தக் கதவு எண் உங்கள் மனையா என்று கேட்டுவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. நான் செய்யாமல் விட்ட பத்து நிமிஷம் அது.

தெரிந்தே, விலையை அதற்கேற்பப் பேசி, வயதான காலத்தில் கோயில் பக்கத்தில் இருந்தால் போதும் என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு கணக்கு. பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் வீடு என்று நினைத்து இதை வாங்கவே வாங்காதீர்கள்.

ஒரு கையெழுத்து போதும் என்று நம்புவது

காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்கு முப்பது பங்காளிகள் இருப்பது சாதாரணம். சாவி வைத்திருப்பவர் ஒருவர், பங்கு உள்ளவர்கள் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும். பெண்பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்குப் பங்கு கொடுத்தது, 2005-ல் மத்தியச் சட்டமும் வந்தது. “அக்காவுக்கு அப்பவே நகை போட்டு அனுப்பிட்டோம்” என்பது, அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் ஆகாது.

கோபுரம் தெரிகிற ஜன்னலுக்கு மயங்குவது

தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலைப் பார்த்த மாதிரி வீடு கிடைத்தால் எனக்கும் ஆசை வரும். ஆனால் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்ட முடியாது. பழுதுபார்க்கவே அனுமதி வேண்டும். அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் கட்டவும் அனுமதி வேண்டும். கூடுதலாக ஒரு அறை எடுக்கலாம் என்ற திட்டத்தோடு வாங்குகிறவர்கள் முதலில் டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள்.

தேரோடும் வீதி

திருவிழா நாளில் கார் வெளியே வராது. கும்பகோணத்தில் குளத்துப் பக்கம் வாங்குகிறவர்கள் 2028 மகாமகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஆஸ்பத்திரி

எது, எவ்வளவு தூரம், டாக்டர் இருப்பாரா. மூன்றுக்கும் பதில் தெரியாமல் பெற்றோரைக் கூட்டிவராதீர்கள்.

சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசுவது

என் தொழில் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். வாங்கியதும் பளிச்சென்று இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் போகும். இரண்டு மழைக்குப் பிறகு பூச்சு தட்டுத் தட்டாக உப்பும், விரலால் தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும். அதற்குள் உத்திரத்தின் நுனி, சுவருக்குள் புதைந்திருக்கும் பாகம், இற்றுப்போக ஆரம்பித்திருக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் அந்த ஊரில் இருக்கிறாரா என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். இப்போது ரொம்பக் குறைவு.

வாடகைக்கு இருந்து பார்க்காமல் வாங்குவது

ஒரு வருஷம் இருங்கள்.

வெள்ளைத்தாளில் முன்பணம்

அந்தச் சென்னைக் குடும்பம் நான் போவதற்கு முன்பே 2 லட்சம் கொடுத்திருந்தது. ஒப்பந்தம் இல்லை, ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து மட்டும். அன்று சாயங்காலமே கைபேசியில் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். அருள்மிகு என்றுதான் இருந்தது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அடுத்த தெருவில் வாடகை வீடு பார்த்திருக்கிறார்கள், ஜூனில் குடிவருகிறார்கள். கொடுத்ததில் ஒன்றேகால் லட்சம் திரும்பி வந்துவிட்டது. மீதிக்கு இந்த வெள்ளிக்கிழமை நானும் கூடப் போகிறேன்.