தலைகீழ் கெளுத்தி வளர்க்கிறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

மல்லாக்க நீந்துற மீனுன்னு ஆசப்பட்டு வாங்கிட்டு வந்து வெறும் மணல் போட்ட டேங்க்ல விடுறாங்க பாருங்க, அதுதான் முதல் தப்பு, பெரிய தப்பும் அதுதான். காங்கோ ஆத்துப் படுகைல தண்ணிக்குள்ள கெடக்குற கட்டைக்கு அடியில ஒட்டிக்கிட்டு மேயுற மீன் இது, அதுக்குத் தரையை விட கூரைதான் முக்கியம். டிரிஃப்ட்வுட், அதான் தண்ணில ஊறுன மரக்கட்டை, ஒண்ணு சாய்ச்சு வைங்க, அகல இலைச் செடி வைங்க, கொஞ்ச நேரத்துல அதுக்கு அடியில போய் வயித்த ஒட்டி நின்னுக்கும். மத்த மீனுக்கெல்லாம் முதுகு கருப்பு வயிறு வெளுப்புன்னு இருக்கும், இதுக்கு அப்படியே மாறி வயிறுதான் கருப்பு, ஏன்னா மேலருந்து பாக்குறவன் கண்ணுக்குத் தெரியுறது வயிறுதானே.

ஒத்தையா வாங்காதீங்க. நான் அப்படித்தான் வாங்குனேன், பாவம் அது கட்டையை விட்டு வெளியவே வரல, அப்புறம் நாலு சேர்த்து விட்டதும்தான் ராத்திரில சுத்த ஆரம்பிச்சுது. பகல்ல லைட் போட்டுட்டு தீனி போட்டா மத்ததுங்க காலி பண்ணிடும், இது பட்டினி, அதனால லைட்ட அணைச்சுட்டுப் போடுங்க, மேல மிதக்குறதையும் மல்லாந்தபடியே வந்து உறிஞ்சும்.

வலை போட்டுப் பிடிக்கவே பிடிக்காதீங்க. முதுகுத் துடுப்புலயும் பக்கத் துடுப்புலயும் முள்ளு இருக்கு, பயந்தா விறைப்பா நீட்டி லாக் பண்ணிக்கும், வலைல மாட்டுனா இழுக்க இழுக்க இறுகும், ஒருதடவை நான் கத்திரி வச்சு வலையை ஒவ்வொரு இழையா வெட்டி எடுத்தேன், அதுவரைக்கும் மீன் பட்ட பாடு இருக்கே. ஒரு டப்பாவை சாய்ச்சு அதுக்குள்ள ஓட்டிவிட்டு தண்ணியோட தூக்குங்க.

அப்புறம் இதுக்கு செதில் கிடையாது, செம்பு கலந்த மருந்தை மத்த மீனுக்கு ஊத்துற மாதிரி ஊத்திடாதீங்க. வாங்கும்போது எந்த வகைன்னும் கேட்டுக்கோங்க, இது 10 செ.மீ. கிட்டதான் வளரும், ஆனா இது சேர்ந்த சினோடான்டிஸ்ங்கிற கெளுத்திப் பேரினத்துல குட்டியா இருக்கும்போது இதே மாதிரி இருந்துட்டு 20 செ.மீ.க்கு மேல போறதும் இருக்கு.

கடைசியா ஒண்ணு, மல்லாந்து கெடக்குறது இதோட பழக்கம்னு பழகிப்போய் நிஜமாவே சீக்கு வந்தா கவனிக்காம விட்டுடுறாங்க. நல்லா இருக்குற மீன் எதுக்காவது அடியில நிக்கும், மீசை ஆடிக்கிட்டே இருக்கும், கிட்டப் போனா சட்டுன்னு ஒதுங்கும். நடுத்தண்ணில துவண்டு, மேல மிதந்து, செவுள் படபடன்னு அடிச்சா உடனே தண்ணியில அம்மோனியா (மீன் கழிவுலருந்து சேர்ற விஷம்) டெஸ்ட் பண்ணிப் பாருங்க.