பழைய பேருந்துகளைச் சேகரிப்பது எப்படி: பலகை, டிக்கெட்டு, அவை கைக்கு வந்த கதை

சிங்கப்பூரில் ஒரு பழைய பேருந்தை முழுதாக வாங்கி வைத்துக்கொள்வது ஏறக்குறைய நடவாத காரியம். ஒரு பேருந்தை எத்தனை ஆண்டுகள் ஓட்டலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு; பதிவு நீக்கப்பட்ட வண்டியை ஒரு மாதத்துக்குள் உடைக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும்; அடுக்குமாடி வீட்டில் வாழும் நமக்கு 12 மீட்டர் நீள வண்டியை நிறுத்த இடமும் இல்லை. ஆகவே பேருந்தின் எண்ணையும் வழியையும் காட்டும் தடப்பலகை, மணிப் பொத்தான், டிக்கெட்டு, நடத்துநரின் பை ஆகியவற்றையே நாம் தேட வேண்டும்.

முதலில் எந்தக் காலத்தைச் சேகரிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி என்ற பழைய பேருந்து நிறுவனத்தின் சேவை 1971இல் முடிந்தது. 1973இல் மூன்று நிறுவனங்கள் இணைந்து சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் உருவானது. 1977இல் லேலண்ட் அட்லாண்டியன் ஈரடுக்குப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இந்த ஆண்டுகள் மனத்தில் இருந்தால், சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் என்று அச்சிட்ட டிக்கெட்டை அறுபதுகளின் டிக்கெட்டு என்று யாராவது விற்க வரும்போது உடனே மறுத்துவிடலாம்.

பொருளை வாங்கும்போதே அதன் கதையையும் கேட்டு வாங்குங்கள். இதை நான் ஒரு தவறு செய்த பிறகே கற்றேன். 2016இல் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் ஜொகூர் பாரு செல்லும் 170ஆம் எண் சேவையின் பிளாஸ்டிக் பலகை ஒன்று கிடைத்தது. மேல் மூலை உடைந்திருந்தது, பின்புறம் யாரோ பேனாவால் எழுதிய இரண்டு எழுத்துகள் மங்கிக் கிடந்தன. வாங்கும் மகிழ்ச்சியில் அது எங்கிருந்து வந்தது என்று விற்றவரிடம் கேட்கவில்லை; 2017 ஜூலையில் சந்தை மூடப்பட்டது, அவரை மறுபடி காணவே முடியவில்லை. பின்னர் சிராங்கூன் சாலை காப்பிக் கடையில், முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டிய சித்தப்பா ஒருவரிடம் அதைக் காட்டினேன். "முனையத்தில் அவசரமாக மாற்றும்போது கண்ணாடிச் சட்டத்தில் இடித்து இந்த மூலைதான் உடையும்" என்று அவர் விரலை வைத்துக் காட்டினார். அன்றுமுதல் உடையாத பலகையைவிட உடைந்த பலகையையே நான் அதிகம் மதிக்கிறேன், அது சாலையில் உழைத்ததற்கான அடையாளம் அல்லவா?

ஓய்வுபெற்ற ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் தேடிச் சென்று, முதலில் விலை பேசாமல் அவர்கள் ஓட்டிய தடத்தைப் பற்றிப் பேசுங்கள். பல வீடுகளில் பழைய சீருடைப் பொத்தானும் டிக்கெட்டுக் கட்டும் அலமாரியின் அடியில் இருக்கும். குடும்பத்தார் சம்மதித்தால் மட்டுமே வாங்குங்கள். கொடுத்தவர் சொன்ன சொற்கள், நாள், இடம், கொடுத்த விலை ஆகியவற்றை அன்றைக்கே எழுதி, பொருளோடு அதே உறையில் வையுங்கள். பணிமனையில் கிடக்கும் பொருளை அனுமதியின்றித் தொடக் கூடாது.

டிக்கெட்டு வெப்பத்தாளில், அதாவது மை இல்லாமல் சூட்டால் எழுத்து தோன்றும் தாளில், அச்சானதாக இருந்தால் வெளிச்சத்தில் வைக்காதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் உறையிட்டால் முழுதும் கறுத்துவிடும். முதலில் தெளிவாகப் படம் எடுத்துவிட்டு, அமிலமற்ற காகித உறையில் ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.