திருகோணமலை வெயிலும் விற்றமின் டி கணக்கும்

ஓகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலை போகிறவர்கள் பலர் ஒரு கணக்குப் போடுவார்கள்: மூன்று கிழமை நிலாவெளி வெயில் பட்டால் லண்டன் குளிரில் இறங்கிய விற்றமின் டி ஏறிவிடும். நானும் அப்படி நம்பி, கொண்டுபோன குளிசைப் போத்தலைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தவன்தான்.

பிரித்தானியாவில் ஒக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை சூரியன் தாழ்வாக நிற்பதால், தோலில் விற்றமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர் போதிய அளவு வருவதில்லை. எங்கள் கறுத்தத் தோலில் இருக்கும் மெலனின் வருகிற கொஞ்சத்தையும் மறிக்கும். வயது போகப் போகத் தோலின் திறனும் குறையும். உடம்பு பருத்தால் அந்த விற்றமின் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். சிறுநீரக, ஈரல், குடல் நோயுள்ளவர்களும் வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும் தங்களுக்கு எவ்வளவு தேவை என்று வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, திருகோணமலையில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் விருந்துக்குப் போன நாங்கள் எங்கே இருக்கிறோம்? ஏசி வானில், மச்சாள் வீட்டு விறாந்தையில். கோணேசர் கோயிலுக்கும் விடியவோ பொழுதுபடவோதான் போகிறோம். வான் கண்ணாடிக்குள்ளால் வரும் வெயில் சுடும், விற்றமின் தராது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் உதவும். ஓகஸ்டில் அது காலை ஒன்பதரைக்குப் பிறகு. கந்தோருக்குள்ளேயே பகலைக் கழிக்கிற ஊர்ச்சனத்துக்கும் இந்தக் குறைபாடு வருவது இதனால்தான்.

அதற்காகக் கச்சான் காற்றடிக்கும் நடுமத்தியானத்தில் உப்புவெளிக் கரையில் வேக வேண்டாம். ஓரளவுக்கு மேல் தோல் விற்றமினை உண்டாக்காது, எரிவுதான் மிச்சம். பத்து மணிபோல, கையும் காலும் வெயில் பட, மீன் வாங்க நடந்து போய் வாருங்கள். சாளை, சூடை, கும்பளா எது கிடைத்தாலும் நல்லது; கொழுப்பு மீனில் விற்றமின் டி உண்டு.

அங்கே சேர்த்ததும் நிலைக்காது. இரத்தத்திலுள்ள அளவு இரண்டு மூன்று கிழமையில் பாதியாகும். ஆகவே நாளுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட் குளிசையை விடுமுறையிலும் நிறுத்த வேண்டாம்.

ஊரில் இரத்தம் சோதித்தால் றிப்போட்டில் அலகைப் பாருங்கள். மில்லிலீட்டருக்கு 20 நனோகிராம் என்பதும் லீட்டருக்கு 50 நனோமோல் என்பதும் ஒன்றுதான். இது தெரியாமல், போன முறை 50 இருந்தது இப்போது 20 என்று பெரியம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அப்புறம், உங்களுக்கு எழுதித் தந்த 50,000 யூனிட் குளிசையைச் சொந்தக்காரருக்குப் பங்கிட வேண்டாம். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறி, சிறுநீரகத்தைப் பாதிக்கும்.